ராமசாமி படித்த கடைசி அத்தியாயம்

"பேய்ப் பொஸ்தவம் வச்சிருக்கிற பாய் நீங்கதானுங்களா?"

கேள்வி வந்தபோது நான் ஸ்டூல் மேல் நின்று அலுமினியக் குண்டான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாத்திரக்கடை வைத்திருக்கிறவனிடம் குக்கருக்கு வாஷர் இருக்கிறதா, பழைய பித்தளைக்கு என்ன கொடுப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள். பேயைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் முன்கூட்டியே போன் செய்வார்கள், தோளில் பை மாட்டியிருப்பார்கள், வந்ததும் என்னை நிற்க வைத்து வீடியோ எடுப்பார்கள்.

இவர் அப்படியில்லை. அறுபதைத் தாண்டிய அம்மாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, பைக்குள் புதுப்புளி. கல்வராயன் மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கியிருக்கிறார் என்பதை அந்த வாசனையே சொல்லிவிட்டது.

"நான்தாம்மா. யாரு சொன்னாங்க?"

"போன்ல வந்தீங்களே. பக்கத்து வூட்டுப் பொண்ணு காட்டுச்சி. டிரம்முக்குள்ள கைய வுட்டு வுட்டு பேயா எடுத்துப் போட்டுக்கினு இருந்தீங்க."

பிளாஸ்டிக் முக்காலியை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தார். பெயர் செல்லம்மா. வெள்ளிமலை தாண்டி, பஸ் திரும்புகிற கடைசி ஊர். கணவர் ராமசாமி மலைமேல் ஹாஸ்டலில் தங்கி நாலெழுத்துப் படித்தவர். செல்லம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு புளி மண்டியில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். மூட்டை வராத மத்தியானங்களில், படிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்து கதை படிக்க வேண்டும். அது அந்த மண்டியின் வழக்கம்.

"எங்க வூட்டுக்காரரு வாயே தொறக்காத மனுசன். படிக்கச் சொன்னா மட்டும் படிப்பாரு. ஒரு லாரிக்காரன் வுட்டுட்டுப் போன பொஸ்தவம் பாய் அது. அட்டை மஞ்ச கலரு. ஒரு பொம்பள நிக்கிறா, சடை தரையில இழுக்குது."

"கதை?"

"ஒருத்தி புள்ளையப் பெத்துட்டுச் செத்துடறா. தெனமும் பொழுது சாயிற நேரத்துக்கு வந்து தொட்டில ஆட்டிட்டுப் போறா. எல்லாரும் பயந்துபோயி மந்திரவாதியக் கூட்டியாறாங்க. மாமியாக்காரி இன்னா சொல்றான்னா, வேணாம், அவ வந்துட்டுப் போவட்டும், கதவத் தொறந்தே வையுங்கன்றா. புள்ள வளருது. அது எழுந்து நடந்த அன்னையிலருந்து அவ வர்றதில்ல. அவ்ளோதான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பத்தான் எனக்கு மொதப் புள்ள பொறந்து தவறிப்போயிருந்தது. அதான் இந்தக் கதை மனசுல நின்னுபோச்சி."

"இப்ப அத்தத் திரும்பப் படிச்சிக் கேக்கணுமாம்மா?"

"கடசீல இன்னா போட்டிருக்குதுன்னு தெரியணும் பாய். அவரு படிச்சாரே, அதேதான் அந்தப் பொஸ்தவத்துல கீதான்னு பாத்துச் சொல்லணும். எனக்கு அது போதும்."

"அவரையே கேட்டிருக்கலாமே."

"போன ஆடியில போயிட்டாரு."

கண்டுபிடித்துக் கொடுக்கிறேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். வேறு விஷயத்தில் என்றால் இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம் என்று இழுத்திருப்பேன். பேய் விஷயத்தில் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

டிரம்முக்குள் குடியிருப்பவர்கள்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பழைய பேய்க்கதைப் புத்தகங்கள் சேர்க்கிறவன். தமிழ்நாட்டில் என்னைவிடப் பெரிய சேகரிப்பு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புத்தகத்துக்கு எதிரி மூன்று பேர். கரையான், மழை, சொந்தக்காரர்கள். மூவரையும் சமாளிக்க எவர்சில்வர் அரிசி டிரம்மைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளே வசம்புத் துண்டு போட்டு மூடியை அழுத்திவிட்டால் போதும். சொந்தமாகப் பாத்திரக்கடை இருப்பதால் டிரம்முக்கு நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

ஒரு டிரம்மில் மரத்துப் பேய்கள். ஒன்றில் கிணற்றுப் பேய்கள். பங்களாப் பேய்களுக்குத் தனி டிரம், அவை எண்ணிக்கையில் ஜாஸ்தி. பழிவாங்க வருகிறவை ஒரு பக்கம், சும்மா வந்து நின்றுவிட்டுப் போகிறவை ஒரு பக்கம்.

இங்கிலீஷ் புத்தகங்கள் தனி. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் டிபன் பாக்ஸ் அட்டையில் அச்சடித்திருக்கும் அளவுதான், இருந்தாலும் அகராதியை வைத்துக்கொண்டு படித்துவிடுவேன். அவற்றின் அட்டை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நீளமான கவுன் போட்ட பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள். பின்னால் ஒரு பெரிய பங்களா, அதில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.

என் மனைவி ஷாகிரா அந்த அட்டைகளை ஒரு தடவை வரிசையாகப் பார்த்தாள். "இவ்ளோ பெரிய வூட்டுல ஒரு ரூம்ல மட்டும் லைட்டு போட்டு வச்சிருக்கான். அந்தக் கஞ்சனோட குடும்பம் நடத்த முடியாமதான் இவ ஓடறா" என்றாள். அந்த வகைக் கதைகளைப் பற்றி நான் படித்த முன்னுரைகள் எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

ஊரில் எனக்குப் 'பேய் பாய்' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

மை பூசிய முகங்கள்

இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, பழைய பித்தளையோடு சேர்த்து ஒரு மரப்பெட்டியையும் வாங்கி வந்தார். பெட்டிக்குள் அட்டையில் பேய் போட்ட ஒரு புத்தகம். தொழுகிற வீட்டில் உருவப்படம் ஆகாது என்று அம்மா அதன் முகத்தில் மட்டும் பேனா மையைத் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முகம் இருந்தவரைக்கும் அது ஒரு சாதாரணப் பேய். மை பூசிய பிறகுதான் எனக்கு அதைப் பார்த்து உதறல் எடுத்தது. உதறல் நின்றதும் இன்னொரு புத்தகம் வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் எங்கள் தெருப் பக்கத்துப் புத்தகங்களில் இப்படி முகம் மறைத்த பேய்கள் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் அவற்றைச் சேதாரம் என்று ஒதுக்குவார்கள். நான் விட மாட்டேன்.

அப்புறம் வாடகை நூலகம். எங்கள் ஊரில் ஒன்று இருந்து, மூடிப்போய், அதன் பேய் அலமாரி முழுக்க என்னிடம் வந்து சேர்ந்தது. அந்தப் புத்தகங்களில் ஆசிரியர் எழுதியது பாதி, வாசகர்கள் எழுதியது பாதி. 'இதற்கு மேல் தனியாகப் படிக்காதே அக்கா' என்று ஓரத்தில் ஒரு பெண் எழுதியிருப்பாள். முதல் பக்கத்திலேயே 'தோட்டக்காரன்தான் பேய்' என்று எழுதி வைத்த புண்ணியவானும் உண்டு. அவன் கையெழுத்து எனக்கு அத்துப்படி. நேரில் கிடைத்தால் விட்டிருக்க மாட்டேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு கொள்கை இருக்கிறது. கதை எப்படி அச்சானதோ அப்படியே இருக்க வேண்டும். இப்போது மறுபதிப்புப் போடுகிறவர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, பயத்தைத் தணித்து, குடும்பத்தோடு படிக்கலாம் என்று ஆக்கிவிடுகிறார்கள். அந்த மாதிரி ஒரு பதிப்பாளரோடு போனில் கத்திச் சண்டை போட்டிருக்கிறேன். செத்தவள் செத்தவளாகத்தான் இருக்க வேண்டும், அதில் கைவைக்க நீ யார் என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதனால் செல்லம்மா சொன்ன முடிவு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பேய்க்குக் கதவைத் திறந்து வைக்கச் சொன்ன மாமியாரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. உயிரோடிருக்கும் மருமகளையே உள்ளே விட யோசிக்கிறவர்கள்தான் நம் கதைகளில் அதிகம்.

தராசுக்கு அடியில்

மதுரைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போன் போட்டேன், புதுச்சேரிக்குப் போட்டேன். மஞ்சள் அட்டை, தரையில் இழுக்கும் சடை என்றதும் எல்லாரும் தெரியும் என்றார்கள், ஒருவரிடமும் புத்தகம் இல்லை. புளி சீசன் முடிந்து மலையில் மழையும் ஆரம்பித்துவிட்டது. சந்தைக்கு வரும் மலைக்காரர்கள் யாராவது, செல்லம்மா கேட்கச் சொன்னார் என்று வந்து நிற்பார்கள். புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது எனக்கே அவமானமாக இருக்கும்.

கடைசியில் அது சங்கராபுரத்தில் இருந்தது. பழைய பேப்பர் கடை மணி எனக்குப் பழக்கம். பேய்ப் படம் போட்டது எது வந்தாலும் எடுத்து வை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு வேறு வேலையாகப் போனவன், சும்மா எட்டிப் பார்த்தேன். பெரிய தராசின் ஒரு காலுக்கு அடியில் என்னவோ முட்டுக் கொடுத்திருந்தது. ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது.

"மணி, அது இன்னா?"

"அது கட்டைக்குப் பதிலா வச்சது பாய். எடுக்காத, தராசு ஆடும்."

"பேய்ப் படம் இருந்தா எடுத்து வைன்னு சொன்னேன் இல்ல?"

"படம் அடிப்பக்கம் பூடுச்சி. நான் எங்க குனிஞ்சி பாத்தேன்?"

வெளியே கிடந்த செங்கல் துண்டைப் பொறுக்கி வந்து நானே காலுக்கு அடியில் வைத்தேன். புத்தகம் அழுந்திப்போயிருந்ததே தவிர ஒரு தாளும் போகவில்லை. மஞ்சள் அட்டை, அந்தப் பெண், அந்தச் சடை. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே பத்துப் பேர் தேடிக் கிளம்புவார்கள், எனக்குப் போட்டி பிடிக்காது.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதலில் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன்.

மாமியார் கதவைத் திறக்கவில்லை. மந்திரவாதி வந்தான். பேயின் கூந்தலைப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைந்தான். எல்லாரும் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால் தொட்டிலில் குழந்தை செத்துக் கிடக்கிறது. முற்றும்.

எத்தனையோ கொடூரமான முடிவுகளைப் படித்தவன்தான் நான். அன்றைக்கு அதற்கு மேல் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த பெண் எதிரே உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கும்போது, ராமசாமி இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வந்தவர் கண்ணை மட்டும் அதில் வைத்துக்கொண்டு, வாயால் வேறு கதையைச் சொல்லியிருக்கிறார்.

ஷாகிராவின் தீர்ப்பு

வீட்டுக்கு வந்து ஷாகிராவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா கிட்டப் போயி, புள்ள செத்துப்போச்சின்னு படிச்சிக் காட்டப் போறீங்களா?"

"புஸ்தகத்துல அப்பிடித்தான் இருக்குது."

"புஸ்தகத்துல இருந்தா இருந்துட்டுப் போவட்டும். வாயி உங்களுதுதான?"

"அச்சுல உள்ளத மாத்தக் கூடாது ஷாகிரா. நான் யார் யார் கிட்டல்லாம் சண்ட போட்டிருக்கேன், உனக்கே தெரியும்."

"அவங்க வூட்டுக்காரரு மாத்துனாரே, அவரு கிட்டயும் போயி சண்ட போடுங்க. ஒரு வயசான பொம்பள மனசு நோவாம பேசத் தெரியல, இதுல கொள்கை வேற."

கீரைக் காம்பை முறத்தில் போட்ட வேகத்தில் பேச்சு முடிந்துவிட்டது. நானும் யோசித்துப் பார்த்தேன். ராமசாமி மூடி வைத்ததைத் திறக்க நான் யார்? அவர் சொன்னதையே நானும் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். கொள்கையை ஒரு நாளைக்கு டிரம்மில் போட்டு மூடுவதில் தப்பில்லை என்று தோன்றியது.

மலைக்கு

வடக்கனந்தல், கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் பஸ் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியே ஈர மண்ணும் தைலமர இலையும் கலந்த வாசனை அடித்தது. பஸ்ஸில் பாதிப் பேர் என் மடியிலிருந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரும் பார்த்தார். எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிற தொண்டை அவருக்கு. "இத்த வச்சிக்கினு எங்க பாய் போறீங்க? பேயி ஓட்டவா?"

"ஒரு அம்மாவுக்குப் படிச்சிக் காட்ட."

"படிச்சிட்டு சீக்கிரம் வந்துடுங்க. வண்டி டீ குடிக்கிற நேரந்தான் நிக்கும்."

செல்லம்மாவின் வீடு பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. வாசலில் தார்ப்பாய் விரித்துச் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தவர் முதலில் வாங்க என்று சொல்லவில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

"கெடச்சிடுச்சா பாய்?"

அட்டையைக் காட்டினேன். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அந்தச் சடையைத் தொட்டுப் பார்த்தார். "இதேதான்" என்றார். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"மொதல்ல இருந்து வேணாம். கடசீ மட்டும் படிங்க."

படித்தேன். பீற்றிக்கொள்ளவில்லை, நன்றாகவே படித்தேன். கண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ராமசாமியின் முடிவை எடுத்து அந்தக் கால எழுத்து நடையில் அலங்காரம் செய்து சொன்னேன். "மந்திரவாதியே, திரும்பிப் போ. கதவு திறந்தே இருக்கட்டும். அவள் இந்த வீட்டுப் பெண்" என்று மாமியாரைப் பேச வைத்தேன். குழந்தை எழுந்து நடந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். முற்றும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

செல்லம்மா மூடிய புத்தகத்தின் அட்டையையே பார்த்தார்.

"அப்பிடித்தான் போட்டிருக்குதா பாய்?"

"எழுத்துக்கு எழுத்து அப்பிடியேதாம்மா."

"சரிங்க."

சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. தார்ப்பாயில் சிந்திய சாமையைக் கையால் கூட்டினார், கலைத்தார், மறுபடி கூட்டினார்.

"இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. அவரு உள்ளதத்தான் படிச்சிருக்காரு."

"அதுல இன்னா?"

அப்போதுதான் சொன்னார். "அந்தக் கொழந்தைய அடக்கம் பண்ணிட்டு வந்து அவரு ஒரு சொல்லு பேசல பாய். ஒரு சொட்டுக் கண்ணீரு கெடையாது. மறுநாளே மூட்ட தூக்கப் போயிட்டாரு. எங்கிட்டயும் எப்பிடிம்மே இருக்கேன்னு ஒரு வார்த்த கேக்கல. அப்பறம் ரெண்டு பொறந்து, வளந்து, கட்டிக் குடுத்து, எல்லாம் ஆச்சி. அந்தப் புள்ளையப் பத்தி மட்டும் சாவற வரைக்கும் வாயத் தொறக்கல. அந்தக் கதை படிச்ச கடசீ நாளு, ஒரே பக்கத்த வச்சிக்கினு ரொம்ப நேரம் படிச்சாரு. திருப்பவே இல்ல. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்தது. இது பொஸ்தவத்துல கீதா, இல்ல எனக்கோசரம் இவரா சொல்றாரான்னு. கேட்டா எழுந்து போயிடுவாரு. இத்தினி காலமா அதையே நெனச்சிக்கினு கெடந்தேன்."

சாமையை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். "பொஸ்தவத்துலயே அப்பிடித்தான் கீதுன்னா, அவரு சும்மா படிச்சாரு. அவ்ளோதான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மனுஷன் தன் பெண்டாட்டிக்குச் சொன்ன ஒரே ஆறுதலை, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று போய் நானே அழித்து வைத்திருக்கிறேன்.

கண்டக்டர் குரலில்

"அம்மா, நான் சொன்னது பொய்" என்றேன். "நானா மாத்திச் சொன்னேன். இதுல அப்பிடி இல்ல. இதுல அந்தக் கொழந்த செத்துப்போவுது."

செல்லம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

"வுடுங்க பாய். நான் அழுதுடப் போறேன்னு சொல்றீங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"இல்லம்மா, அல்லா மேல ஆணையா."

"சத்தியம்லாம் எதுக்குப் பண்றீங்க. டீ வைக்கட்டுமா?"

பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரல் வைத்துக் காட்டினேன். என் விரல் எந்த வரியில் இருந்தால் என்ன. இதே வாயால்தான் கொஞ்சம் முன்னால் எழுத்துக்கு எழுத்து என்றேன். இனி இந்த வாய் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று புரிந்துவிட்டது. பேய்க்கதையில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன், ஒரு பக்கத்தை நம்ப வைக்க முடியாமல் நின்றேன்.

"பாய், வண்டி எடுக்கப் போறோம், வர்றீங்களா இல்லையா?"

கண்டக்டர் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இந்த ஒரு பக்கத்த மட்டும் படிச்சிட்டுப் போ தம்பி. சத்தமா படி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், தள்ளி நிக்கிறேன்."

"நானா? டிக்கெட்டத் தவிர நான் எத்தப் படிச்சேன் பாய்."

"உள்ளத உள்ளபடி படி, போதும்."

செல்லம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். கண்டக்டருக்கு என் கதையும் தெரியாது, ராமசாமியின் கதையும் தெரியாது. புத்தகத்தை வாங்கி, கண்ணைச் சுருக்கி, ஸ்டாப் பெயர் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தார். எங்கும் நிறுத்தவில்லை.

"மந்திரவாதி அவள் கூந்தலை இழுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைந்தான் மரம் அலறியது ஊரார் விளக்கோடு வீட்டுக்கு ஓடினார்கள் தொட்டில் ஆடாமல் நின்றது உள்ளே குழந்தை விறைத்துக் கிடந்தது போகிற போக்கில் தாய் தன் சேயையும் தன்னோடு கொண்டு போய்விட்டாள் முற்றும்."

முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கே உறைத்தது. "இன்னா பாய் இது, பெரியவங்க கிட்டப் படிக்கிற கதையா?"

"அந்தக் கொழந்த எடத்த இன்னொரு தபா படிப்பா" என்றார் செல்லம்மா.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மறுபடி படித்தார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. உள்ளே குழந்தை விறைத்துக் கிடந்தது.

செல்லம்மா எழுந்தார். என்னையும் பார்க்கவில்லை, கண்டக்டரையும் பார்க்கவில்லை. முகம் மொத்தமும் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை செத்துப்போன வரியைக் கேட்டு ஒரு தாய் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எதிரில் டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னும் கொஞ்சம் இரு என்று கண்டக்டர் கையைக் காட்டினார்.

திறந்திருந்த கதவு வழியே உள்சுவரில் மாலை போட்ட ராமசாமியின் படம் தெரிந்தது. செல்லம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்த சொன்னா இன்னாய்யா உனக்கு? இத்தினி வருசமும் உன்னக் கல்லுன்னு நெனச்சிக்கினேதான்யா சோறு போட்டேன்."